சூடு நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் ஓட்டுகிற எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது: "நம்ம ஊரு சூடு நாடு அண்ணே. தெர்மோஸ்டாட் பனி பெய்யுற ஊருக்குப் போட்ட சாமான். கழட்டிப் போட்டுட்டா காடி கூலா ஓடும்." பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றிய சந்துகளிலும், கிள்ளான், ஷா ஆலாம் பட்டறைகளிலும் மலாய், சீன, தமிழ் போர்மன்கள் மூவரும் மறுபேச்சின்றி ஒத்துப்போகும் விஷயங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. சுடுகிறது என்று கொண்டுவரப்பட்ட பழைய புரோட்டான் சாகாவின் முன்மூடியைத் தூக்கி, இரண்டு போல்ட்டைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கும் வால்வு ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். செலவு குறைவு, நேரம் குறைவு, வாடிக்கையாளருக்கும் திருப்தி.

அடுத்த பெரிய நெரிசலில் முள் மறுபடி ஏறுகிறது.

இந்த வைத்தியம் மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. சூடு நாட்டில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பது முதலாவது. பச்சைத் தண்ணீரே போதும் என்பது இரண்டாவது. விசிறியை 'டைரக்ட்' கொடுத்து நிறுத்தாமல் ஓடவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது மூன்றாவது. பல்லாயிரம் கார்களில் ஆண்டுக்கணக்காகப் பின்பற்றப்படுவதால் இவற்றுக்கு அனுபவ அறிவு என்ற மரியாதை கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றையும் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அந்த மரியாதை நிற்காது.

முதலில் அந்த வால்வு. பெட்ரோல் எரிந்து பிறக்கும் ஆற்றலில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். அந்த நீர் ரேடியேட்டருக்குப் போகலாமா, இன்னும் கொஞ்சம் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டுமா என்று முடிவு செய்வது தெர்மோஸ்டாட். அதன் நடுவில் உலோகக் குப்பி ஒன்றில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய முறை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. ஜப்பானிய வண்டிகளின் தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் 82 அல்லது 88 என்று எண் பொறித்திருப்பார்கள். 82 எண் போட்டதில் 82 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்கும். 95 டிகிரி வாக்கில் வால்வு முழுக்கத் திறந்துவிடும்.

இந்த 95 என்ற எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் 100 டிகிரியைத் தாண்டித் தவிக்கும் நேரத்தில், நல்ல நிலையிலுள்ள தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. அதை எடுத்துவிடுவதால் அந்த நேரத்தில் கிடைப்பது நீரோட்டத்தில் சிறு கூடுதல் மட்டும். மூடிய நிலையில் இறுகிப்போன தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கொதிக்க வைக்கும் என்பது உண்மை. அதற்கு வைத்தியம் புதிய தெர்மோஸ்டாட். சில பத்து வெள்ளி சாமான்.

"சூடு நாடு" என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பது நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரி, காற்று 3 டிகிரி என்றால் வேறுபாடு 87. கோலாலம்பூரின் பகல் 33 டிகிரி என்றால் வேறுபாடு 57. அதே ரேடியேட்டர் இங்கே மூன்றில் ஒரு பங்கு வேலையை இழந்துவிடுகிறது. முன்னால் போகும் பேருந்தின் அனலும், ஏர்கோன் கண்டென்சர் கக்கும் வெப்பமும் சேர்ந்தால் ரேடியேட்டரைத் தொடும் காற்று இன்னும் சூடாகவே இருக்கும். ஆக, சூடு நாடு என்பது ரேடியேட்டரும் விசிறியும் குறையின்றி இருக்க வேண்டும் என்பதற்கான வாதம். தெர்மோஸ்டாட் வேண்டாம் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை. நீரை 90 டிகிரிக்குப் பதில் 70 டிகிரியில் வைக்க விரும்பினால் வேறுபாடு 37 ஆகச் சுருங்கும். அதே வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டர் அதிகமாகப் பாடுபட வேண்டும்.

பனி நாட்டுச் சாமான் என்ற பேச்சையும் பார்த்துவிடலாம். 1983 மே 7-இல் நிறுவப்பட்ட புரோட்டான், 1985 ஜூலை 9-இல் வெளியிட்ட முதல் சாகாவில் இருந்தது மிட்சுபிஷியின் 4ஜி13 எஞ்சின். அதை வடிவமைத்தவர்களின் நாட்டில் பனியும் உண்டு. டோக்கியோவில் ஆகஸ்ட் பகல் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. பனிக்காக மட்டும் போட்ட சாமான் என்றால் ஜப்பானியர்கள் கோடையில் அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்ச் சான்று இன்னும் வலுவானது. மலேசியாவில் விற்ற சாகா, கஞ்சில் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. இங்கே அதற்கு வேலை இல்லை என்று தெரிந்து தொழிற்சாலையே விட்டுவிட்டது. ஷா ஆலாம், ரவாங் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து, இந்த நாட்டின் வெயிலை எண்ணிப் பார்த்து, செலவைச் சென் கணக்கில் குறைத்தவர்கள் ஹீட்டரை நீக்கினார்கள், தெர்மோஸ்டாட்டை நீக்கவில்லை. 1994-இல் வந்த 660 சிசி கஞ்சிலைவிடச் சிக்கனமாக ஒரு கார் இங்கே செய்யப்பட்டதில்லை என்றே சொல்லலாம். அதிலும் தெர்மோஸ்டாட் இருந்தது. நீர் ஓடாத எஞ்சினுக்கும் இதே கதைதான். காற்றால் குளிர்விக்கப்படும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில்கூடக் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உண்டு.

அப்படியானால் கழற்றிய பிறகு வண்டி குளிர்ச்சியாக ஓடுவதாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் பார்ப்பது உண்மையான மாற்றம்தான். அதற்குச் சொல்லும் விளக்கம்தான் தவறு. விடியற்காலையில் கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் தடையின்றி ஓடும் வண்டிக்கு முன்பக்கக் காற்றே போதும். தெர்மோஸ்டாட் இல்லாததால் நீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் 60, 70 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முள் கீழே கிடக்கிறது. ஓட்டுநர் நிம்மதி அடைகிறார். உண்மையில் அந்த வண்டிக்கு நெடுஞ்சாலையில் முன்பும் பிரச்சினை இருந்திருக்காது. நெரிசலில் நிற்கும்போது வெப்பத்தை வெளியேற்ற வேண்டியது விசிறியும் ரேடியேட்டரும். அவை பழுதாகவே இருப்பதால் முள் அங்கே மறுபடி ஏறும். கீழிருந்து ஏறுவதால் சில நிமிடம் தாமதமாக ஏறும். அந்தச் சில நிமிடத்தைத்தான் பலர் குணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எதிர்த்தரப்பிலும் ஒரு தவறான வாதம் நடமாடுகிறது. "தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் நிற்க நேரமில்லாமல் வேகமாக ஓடிவிடும், அதனால் ஆறாது" என்று கழற்றக் கூடாது என்பவர்களே சொல்வதுண்டு. இதுவும் பொய். மூடிய சுற்றில் ஓடும் நீர் ரேடியேட்டரில் எவ்வளவு குறைவான நேரம் நிற்கிறதோ, அவ்வளவு குறைவான நேரமே எஞ்சினிலும் நிற்கிறது. ஓட்டம் கூடினால் வெப்ப மாற்றமும் கூடும், குறையாது. நல்ல முடிவுக்குத் தவறான காரணம் சொன்னால், எதிராளி அந்தக் காரணத்தை உடைத்துவிட்டு முடிவையும் உடைத்ததாக நினைத்துக்கொள்வான். தெர்மோஸ்டாட்டைக் காப்பாற்ற இந்தக் கதை தேவையில்லை. உண்மைக் காரணங்களே போதுமான அளவு இருக்கின்றன.

டொயோட்டா உட்படப் பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு இறங்கி, எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். இத்தகைய எஞ்சினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது சூட்டைக் கூட்டும் செயல்.

குளிர்ந்து ஓடுவதால் வரும் கேடு மெதுவாக வருவதால் கண்ணில் படுவதில்லை. எஞ்சின் சூடாகும் வரை பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கூடுதலாக ஊற்றப்படுகிறது. கார்புரேட்டர் வண்டிகள் சிலவற்றில் சோக், நீரின் சூட்டை நம்பித்தான் விலகுகிறது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இஎஃப்ஐ வண்டிகளில் நீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சரை வைத்தே கணினி எரிபொருளை அளக்கிறது. "இன்னும் குளிர்ச்சி" என்று சென்சர் சொல்லிக்கொண்டே இருந்தால் கணினி கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மானிய ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்குக் கிடைத்தாலும், வீணாகும் லிட்டர் வீண்தான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கும். எரிதலில் பிறக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து அமிலமாகும். சிலிண்டர் தேய்மானத்தில் இந்தக் குளிர் அரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைப் பிரிட்டிஷ் பொறியாளர்கள் 1930-களிலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள்.

இன்றைய கார்களில் இதற்குத் தனிப் பழுதுக் குறியீடே உண்டு. நீர் உரிய வெப்பத்தை எட்டாவிட்டால் கணினி பி0128 என்று பதிவு செய்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். போர்மன் குணப்படுத்தியதாகச் சொல்லும் நிலையை வண்டியே நோய் என்று எழுதி வைக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை, பச்சைத் தண்ணீர். இதிலும் போர்மன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மறுப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். கூலன்ட் ஊற்றினால் எஞ்சின் தானாகக் குளிரும் என்று விளம்பர மொழியில் பேசுவது சரியல்ல.

ஆனால் கூலன்டின் வேலை வேறு. பழைய சாகா, ஈஸ்வரா, வீரா எஞ்சின்களில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்தால் அலுமினியம் அரிபடும், இரும்பு துருவேறும். அந்தத் துருதான் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் போய்ப் படிகிறது. கூலன்டிலுள்ள தடுப்பு மருந்து இதைத்தான் தடுக்கிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றிய எஞ்சின் முதல் ஆண்டு நன்றாகவே ஓடும். பல ஆண்டு கழித்து, ரேடியேட்டர் பாதி அடைத்துப்போன பிறகு சுடும். அப்போது அதே பட்டறை தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லும். நீராவி ரயில் காலத்திலேயே, பக்குவப்படுத்தாத நீர் கொதிகலனைக் கெடுக்கும் என்பது ரயில்வே ஊழியர்களின் அன்றாடப் பாடம். பிரிக்ஃபீல்ட்ஸ் அந்த ரயில்வே ஊழியர்களால் வளர்ந்த ஊர். கேஎல் சென்ட்ரல் நிற்பதே பழைய ரயில் முற்றத்தின் மேல். அந்த ஊருக்கு அருகில் இன்றும் "தண்ணிதானே, எதுவா இருந்தா என்ன" என்று பேசுவது வேடிக்கை.

கொதிநிலைக் கணக்கும் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ எண் இருக்கும். அது அழுத்த அளவு. 0.9 மூடி சரியாக அழுத்தம் தாங்கினால் வெறும் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும்; பாதிக்குப் பாதி கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் செத்துப்போனால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துத் துணைத் தொட்டிக்குப் பாய்ந்துவிடும். சுடும் எஞ்சினில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய மலிவான சாமான் எது என்றால், இந்த மூடிதான். எஞ்சின் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால், மூடியிலுள்ள உறிஞ்சு வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, விசிறி டைரக்ட். சாகா, வீரா, கஞ்சில் எல்லாம் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்த முன்சக்கர வண்டிகள். விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. நீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் ஒரு சுவிட்ச் ரிலேவைத் தட்டிவிட, விசிறி சுழலும். பெல்ட்டில் விசிறி ஓடிய டட்சன் 120ஒய் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சுவிட்சோ ரிலேவோ பழுதானால் அதை மாற்றுவதுதான் முறை. பட்டறைகளில் நடப்பது வேறு: சாவி போட்டதும் ஓடும்படி ஒரு ஒயரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். ரிலே இல்லாத ஒயர் சுடுகிறது, மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்கின்றன, ஒருநாள் விசிறி நெரிசலில் நின்றுபோகிறது. அன்றைக்குத் தெர்மோஸ்டாட்டும் இல்லை, கூலன்டும் இல்லை, விசிறியும் இல்லை. எஞ்சின் மட்டும் இருக்கிறது.

இந்த மூன்று வைத்தியங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எஞ்சின் எப்போது சுடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் ஏறி, வண்டி நகர்ந்ததும் முள் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஏர்கோனைப் போட்டால் விசிறி ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விசிறி ஓடினாலும் இன்னொரு இடம் உண்டு: ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்து. பல ஆண்டுப் புழுதியும் பூச்சியும் இலைச் சருகும் அங்கேதான் சேர்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது; இரண்டையும் பிரித்தால்தான் தெரியும். உயர் அழுத்த நீரால் வண்டி கழுவும்போது மடங்கிய ரேடியேட்டர் தகடுகளும் காற்றை மறிக்கும்.

நெரிசலில் சரியாக இருந்து, காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போதோ, தீபாவளிக்கு வடக்கே போகையில் மெனோரா சுரங்கத்துக்கு முன்னுள்ள ஏற்றத்திலோ சுட்டால், குறை நீரோட்டத்தில் இருக்கிறது. அங்கே காற்று தாராளம்; வெப்பம்தான் அதிகம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தில் தடவிப் பார்த்தால் அடைத்த பகுதி குளிர்ந்த திட்டாகத் தெரியும். கீழ் ஹோஸுக்குள் இருக்க வேண்டிய கம்பிச்சுருள் துருப்பிடித்து மறைந்திருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது பம்ப்பின் உறிஞ்சலில் அந்த ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். பெல்ட் நழுவலாம். வாட்டர் பம்ப்பின் இறக்கை அரித்துத் தேய்ந்திருக்கலாம். பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் கூலன்ட் வழிந்த கறை இருந்தால் அதன் சீல் போய்விட்டது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் முதுமையில் கழுத்தில் வெடிக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

கிளப்பிய சில நிமிடத்திலேயே முள் சிவப்பைத் தொட்டால் இரண்டு சந்தேகம். தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருக்கலாம், அல்லது நீரை மாற்றியபோது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டின் விளிம்பிலுள்ள சிறு ஊசித் துளை மேலே பார்த்தபடி பொருத்தப்படுவது இந்தக் காற்று வெளியேறத்தான். அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, தெர்மோஸ்டாட்டே ஆகாது என்று சொல்லும் இடங்களும் உண்டு.

நெரிசல், நெடுஞ்சாலை என்ற பேதமின்றிச் சுட்டு, நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடனே ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வருவது, எண்ணெய் மூடியைத் திறந்தால் தே தாரிக் நிறத்தில் நுரை ஒட்டியிருப்பது இதன் அடையாளங்கள். உறுதி செய்ய நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். சில நிமிடச் சோதனை. இதைச் செய்யாமலே "டாப் ஓவர்ஹால்" என்று ஆயிரக்கணக்கில் செலவைச் சொல்லும் பட்டறையும் தவறு செய்கிறது. இதைச் செய்யாமலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அனுப்பும் பட்டறையும் தவறு செய்கிறது. இரண்டாவது பட்டறையின் வண்டிதான் சில மாதம் கழித்து முதல் பட்டறைக்கு வருகிறது.

நீரோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. பற்றவைப்பு நேரம் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகிப் புகைவழியும் தலைப்பகுதியும் சுடும். பிரேக் இறுகிப் பிடித்தபடி ஓடும் வண்டியும், அடைத்த புகைக்குழாயும் எஞ்சினைக் கூடுதலாக உழைக்க வைக்கும். முள்ளையே நம்ப முடியாத நேரமும் வரும். சென்சரின் இணைப்பு துருப்பிடித்தால் அது தவறாகக் காட்டும். அதைவிட ஆபத்தானது, ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுவது. நீர் வடிந்து சென்சர் காற்றில் தொங்குகிறது என்பதுதான் அதற்கு அர்த்தமாக இருக்கும். அதைக் குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஓட்டியவர்களின் எஞ்சின் தலைகள் வளைந்துபோயிருக்கின்றன. அப்போது செய்ய வேண்டியது வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துவது. மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறும் வரை மூடியைத் தொடக் கூடாது. நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடைபட்ட நீர் மூடி திறந்த கணமே நீராவியாகி முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணலாம்.

போர்மன்களைத் திட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களில் சில மதிக்கத்தக்கவை. இரவில் காராக் மலையில் தெர்மோஸ்டாட் இறுகிவிட்டால் அதைக் கழற்றி வீடு வந்து சேர்வது புத்திசாலித்தனம். மறுநாள் புதியது போட வேண்டும் என்பதுதான் விட்டுப்போகிறது. சந்தையில் போலிச் சாமான் அதிகம், புதிய தெர்மோஸ்டாட்டே திறப்பதில்லை என்கிறார்கள். அதுவும் நடக்கிறதுதான். ஒரு சட்டி நீர், சமையல் வெப்பமானி, ஒரு நூல் இருந்தால் பொருத்துமுன்பே சோதித்துவிடலாம்: 82 எண் போட்டது 82 வாக்கில் அசைய வேண்டும், 95-இல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். பத்து நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளரே மலிவான பதிலைக் கேட்கிறார் என்பது அவர்களின் வாதம். ரேடியேட்டரை மாற்றச் சொன்னால் அவர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். உண்மைதான். ஆனால் அந்த மலிவு, ஓவர்ஹால் செலவைத் தள்ளிப்போட்டது மட்டுமே என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவரும் போர்மன்தான்.

"நான் இத்தனை வருஷமா தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்பவருக்கும் ஒரு பதில். அவர் ஊற்றிய கூடுதல் பெட்ரோலும், அவர் எஞ்சினின் கூடுதல் தேய்மானமும் எந்த ரசீதிலும் தனி வரியாக வருவதில்லை. அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுகிறது.

பழைய கார் என்றாலே சுடும், விற்றுவிட்டுப் புதியது வாங்கு என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. 2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு, 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயச் சோதனை வேண்டும் என்றபோது எழுந்த எதிர்ப்பில் அரசு அதை விரைவிலேயே கைவிட்டது. அந்த எதிர்ப்புக்குக் காரணம் எளிது: பழைய வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்த நாட்டில் ஏராளம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த எஞ்சின் இதே வெயிலில், இதே நெரிசலில் சுடாமல் ஓடியது. வயதானதால் சுடவில்லை, வயதானபோது பராமரிக்கப்படாத ஏதோ ஒரு பாகத்தால் சுடுகிறது. அந்தப் பாகத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "காடி சுடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெரிசலிலா, மேட்டிலா, கிளப்பியவுடனேயா, ஏர்கோன் போட்டாலா, நீர் குறைகிறதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் மூடி, விசிறி, ரேடியேட்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் புதியதைச் சட்டியில் சோதித்து, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றிய பிறகே பணத்தை நீட்டுங்கள்.